டப்பாவைச் சும்மா திருப்பித் தரலாமுங்களா?

பெருங்குடல் புற்றுநோயின் பெயரையோ, அது வரும் இடத்தையோ, அது காட்டும் அடையாளத்தையோ ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லாமல், அதைப் பற்றி ஊர் முழுக்க விழிப்புணர்வு ஊட்டிய ஒரே அமைப்பு இந்தப் பூவுலகில் சிங்காநல்லூரில் இருக்கும் எங்கள் சிங்கை கிழக்கு நல்வாழ்வுச் சங்கம்தான். வரலாறு இதைப் பொன்னெழுத்துகளில் பொறிக்கும். தங்கம் விற்கிற விலையைப் பார்த்து வரலாறு தயங்கினால், ஃபிளெக்ஸில் பொறித்துத் தர நான் தயார். திருச்சி ரோட்டில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருப்பவனும் நானே. சங்கத்தின் விளம்பரச் செயலாளரும் நானே. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று சிலர் பேசுகிறார்கள். சேவை செய்பவனை ஊர் பேசத்தான் செய்யும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்கள் மரியாதைக்காரர்கள். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தாலும், "ஏனுங்க, எந்த ஊருங்க நீங்க?" என்று விசாரித்துவிட்டுத்தான் கம்பத்தில் கட்டுவோம். அந்த மரியாதையின் சிகரம் எங்கள் தலைவர் நரசிம்மலு. பம்புசெட்டுக்கு வார்ப்பு ஊற்றும் ஃபவுண்டரி வைத்திருக்கிறார். வார்ப்பு கோணலாக வந்தால் ஆளைத் திட்டமாட்டார். இரும்பையும் திட்டமாட்டார். "இப்படிப் பண்ணிப்போட்டீங்களே" என்று அந்த இரும்பிடமே வருத்தப்பட்டுக்கொள்வார்.

இப்படிப்பட்ட தலைவருக்குப் போன தீபாவளியிலிருந்து ஒரு சிறு தொந்தரவு. சங்க அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது என் காதருகே குனிந்தார்.

"காத்தால வெளிய போகையில கொஞ்சம் செவப்பாப் போகுதுங்க."

"சூடுங்க," என்றேன்.

"சூடுதானுங்க. பொழுதுக்கும் ஃபவுண்டரியில நிக்கறமல்லங்க."

அதோடு அந்தப் பேச்சு நாகரிகமாக முடிந்தது. மறுநாள் முதல் உடுமலைப்பேட்டையிலிருந்து இளநீர் குலை குலையாக வந்து இறங்கியது. தலைவர் கூட்டத்துக்கு இரண்டு வீதம் குடித்தார். உடம்பும் நாளுக்கு நாள் 'கச்சிதமாக' ஆகிவந்தது. நடைப்பயிற்சியின் பலன் என்று எல்லோரும் மெச்சினோம். ஃபிளெக்ஸுக்காக நான் எடுத்த புதுப் படத்தில் சட்டைதான் தெரிந்தது. அதற்குள் தலைவரைத் தேட வேண்டியிருந்தது. ஆகவே பழைய படத்தையே போட்டேன். தொழில் தெரிந்தவன் அப்படித்தான் செய்வான்.

விழிப்புணர்வு ஊட்ட இந்த நோயை நாங்கள் தேர்ந்தெடுத்ததும் ஒரு தியாகமே. இதயத்தைப் பீளமேட்டுச் சங்கத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். சர்க்கரை ராமநாதபுரத்துக்காரர்களிடம். கண்ணும் பல்லும் எப்போதோ முன்பதிவு ஆகிவிட்டன. பொன்னாடை போர்த்திக்கொண்டு பேசத் தகுந்த நோயெல்லாம் போக, மார்ச் மாதத்துக்கு மிஞ்சியது இது ஒன்றுதான். தலைவர் அதையும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

ஆலோசனை சொல்ல வந்தவர் டாக்டர் ஹர்ஷிணி. குடல் நோய் நிபுணர். இளம் வயது, நல்ல படிப்பு, நல்ல கைராசி. ஒரே குறை, எதையும் அதனதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற கெட்ட பழக்கம்.

"நாப்பத்தஞ்சு வயசு தாண்டுன எல்லாரும் மலத்தை ஒரு சின்ன டப்பாவுல எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாக்கோணுமுங்க," என்று நிர்வாகக் குழுவில் ஆரம்பித்தார். "கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தாக்கூட அதுல தெரிஞ்சுபோகும். கொடல்ல சின்ன மருவாட்டம் இருக்கையிலயே எடுத்துப்போட்டா, அது புத்துநோயா மாறவே மாறாது. நமக்கு வருசக்கணக்குல டைம் குடுக்கற நோவுங்க இது."

பொருளாளர் ராமாமணி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கம்மலைச் சரிசெய்வதுபோல் காதைப் பொத்திக்கொண்டார். தலைவர் பதறிப்போய், "காபி சாப்புடுங்க டாக்டரம்மா, ஆறிப்போகும்," என்றார்.

"கண்ணுக்கே தெரியற மாதிரி ரத்தம் போனா, காரணமில்லாம எடை கொறைஞ்சா, அப்ப டப்பா டெஸ்டுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாதுங்க. நேரா டாக்டர்கிட்ட வந்துரோணும். முக்காவாசிப் பேரு மூலம்னு சொல்லிக்கறாங்க, இல்லாட்டிச் சூடுன்னு சொல்லிக்கறாங்க."

தலைவர் இன்னொரு இளநீரை எடுத்தார். நான் மினிட் புத்தகத்தில் எழுதினேன்: 'டாக்டர் அவர்கள் பயனுள்ள கருத்துகளை வழங்கினார்கள்.'

அடுத்து ஃபிளெக்ஸ் வாசகம். டாக்டர் எழுதிக் கொடுத்தது இது: 'மலத்தில் ரத்தமா? மறைக்காதீர்கள்! குடல் புற்றுநோயை முளையிலேயே கிள்ளலாம்!'

"லேடீஸ் வார எடமுங்க," என்றார் ராமாமணி. மலம் போனது.

"ரத்தம்னு மட்டும் போட்டா ரத்ததான முகாம்னு வந்துருவாங்க," என்றேன் நான். ரத்தமும் போனது.

"புத்துநோய்னு போட்டா, முகாமுக்கு எடம் குடுக்கற மண்டபத்துக்காரரு மனசு சங்கடப்படுமுங்க. மறுநா அங்க முகூர்த்தம் இருக்குது," என்றார் ராமாமணி. அதையும் அடித்தோம். குடல் மட்டும் தனியாக நின்றது.

தலைவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "குடல் கறிக் கடை வெளம்பரமாட்டம் இருக்குதுங்களே."

கடைசியில் தேறியது 'மறைக்காதீர்கள்!' என்ற ஒரு சொல். அதற்கு மேலே தலைவரின் பழைய படத்தை ஆளுயரத்துக்குப் போட்டு சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் கட்டினோம். அது பஸ் நேர அட்டவணையை முழுசாக மறைத்தது.

விழிப்புணர்வு நடையும் நடத்தினோம். குளத்தைச் சுற்றிக் காலையில் நீல நிறப் பனியனோடு நடந்தோம். "விழிப்போம்! விழிப்போம்!" என்று முழங்கினோம். எதிரே வந்தவர் காளிச்சாமி, மில்லிலிருந்து ஓய்வுபெற்றவர்.

"ஏனுங்க, எதுக்குங்க நடக்கறீங்க?"

"விழிப்புணர்வுக்குங்க."

"எதைப் பத்திங்க?"

"அதைப் பத்தித்தானுங்க," என்றார் தலைவர் அன்போடு.

"அப்பச் செரிங்க," என்று காளிச்சாமியும் பனியன் வாங்கிக்கொண்டு கூடவே நடந்தார். நடை முடிந்ததும் மட்டன் பிரியாணி. காய்கறி நிறையச் சாப்பிட வேண்டும், ஆட்டுக்கறியைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததை நாங்கள் மறக்கவில்லை. ஒவ்வொரு தட்டிலும் ஒரு வட்டக் கேரட் வைத்திருந்தோம்.

பிறகுதான் டப்பா. மூடியில் குச்சி வைத்த சின்ன டப்பா. அதில் என்ன எடுத்து, எப்படிப் போட வேண்டும் என்று டாக்டர் விவரமாக எழுதிய தாளும் கூடவே வந்தது. விநியோகிக்கிற நாளில் அவருக்கு ஆஸ்பத்திரியில் அவசர வேலை. அந்தத் தாளைப் படித்த ராமாமணிக்கு வியர்த்துவிட்டது. எனவே சங்கமே ஒரு தாளை அச்சிட்டுக் கொடுத்தது: 'டப்பாவில் உரியதை இட்டு, பெயர் எழுதி, வரும் ஞாயிறன்று மண்டபத்தில் ஒப்படைக்கவும்.'

"ஏனுங்க, உரியதுன்னா என்னுங்க?" என்று காளிச்சாமி கேட்டார்.

"உங்களுக்கே தெரியுமுங்க," என்றேன்.

"நான் எங்க ஊட்டுல கேட்டுக்கறனுங்க," என்றார். அவருக்கும் மேற்கொண்டு கேட்கச் சங்கடம்.

தலைவர் தம் டப்பாவைக் கொண்டுபோய் மனைவி ரங்கம்மாளிடம் நீட்டினார். "டாக்டரம்மா குடுத்துட்டாங்க. வேணுங்கறதைப் போட்டு ஞாயித்துக்கெழமை திருப்பிக் குடுக்கோணுமாம்," என்றாராம். கட்டின மனைவியிடமும் அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கண்கொள்ளாக் காட்சி. கொடுத்த டப்பா ஒன்றுகூடத் தவறாமல் திரும்பி வந்தது. வெள்ளைத் துணி விரித்த மேசையில் அடுக்கி, பக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றி, நான் நாலு கோணத்தில் படம் எடுத்தேன். லேப்பிலிருந்து வந்த பிரவின்குமார் முகக்கவசம், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு முதல் டப்பாவை, தலைவர் வீட்டு டப்பாவை, பயபக்தியோடு திறந்தார்.

உள்ளே நெய். உருக்கி இறக்கிய மணம் மாறாத நெய்.

இரண்டாவதில் நாட்டுச் சர்க்கரை. மூன்றாவதில் மஞ்சள்தூள். காளிச்சாமி வீட்டிலிருந்து வறுத்த கொள்ளு. ஏழாவதோ எட்டாவதோ திறந்ததும் பிரவின்குமார், "மேடம், ஒண்ணு கெடைச்சிருச்சுங்க!" என்று கூவினார். டாக்டர் ஓடிவந்தார். பிரவின்குமார் கவசத்தை இறக்கி மோந்து பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"எள்ளு கருப்பட்டி உருண்டைங்க மேடம். ஏலக்கா போட்டிருக்காங்க."

டாக்டர் சபையைப் பார்த்தார். "என்னுங்க இதெல்லாம்?"

முன்வரிசையிலிருந்த ரங்கம்மாள் எழுந்தார். "ஏன் அம்மணி, நெய் நல்லா இல்லீங்களா? ஒருத்தரு ஊட்டுப் போசி, டப்பான்னு எதாச்சும் நம்ம ஊட்டுக்கு வந்தா, அதைச் சும்மா திருப்பிக் குடுக்கலாமுங்களா? ஒரு கை சக்கரையாச்சும் போட்டுத்தான அனுப்போணும்?"

சபை முழுக்க ஆமோதித்துத் தலையசைத்தது. எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. உலகில் வேறெந்த ஊர் ஒரு மருத்துவப் பரிசோதனையை இவ்வளவு பெரிய விருந்தோம்பலாக உயர்த்தியிருக்கிறது?

அப்போதுதான் அந்த அசம்பாவிதம் நடந்தது. டாக்டர் மைக்கைப் பிடுங்கினார்.

"எல்லாத்துக்கும் வணக்கமுங்க. நான் கேட்டது நெய்யில்லீங்க. பீ! உங்க பீயைக் கேட்டனுங்க!"

ரோட்டின் இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி கட்டியிருந்தோம். ஏற்பாடு என்னுடையது. திருச்சி ரோட்டில் ஆட்டோக்கள் நின்றன. எதிர்ச் சாரி பேக்கரியில் ஒருவர் கடித்த பப்ஸை வாயிலேயே வைத்திருந்தார். ராமாமணி நாற்காலியோடு திரும்பி உட்கார்ந்துகொண்டார். அந்தச் சொல்லுக்குப் பின்னும் டாக்டர் 'ங்க' போட்டுப் பேசினார் என்பது ஒன்றே சங்கத்துக்கு ஆறுதல்.

யாரோ சிரித்தார்கள். பார்த்தால் ரங்கம்மாள். "அட, இதானா? இதைச் சொல்றதுக்கா இத்தனை ஃபிளெக்ஸு?" என்று அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க, மண்டபமே சேர்ந்து சிரித்தது. சிரிப்பு அடங்கும்போது ரங்கம்மாளின் குரல் மாறியிருந்தது.

"அது செரி அம்மணி. அதுல ரத்தம் வந்தா?"

"யாருக்குங்கம்மா?"

"எங்க ஊட்டுக்காரருக்குத்தான். தீவாளில இருந்து. துணி தொவைக்கறவளுக்குத் தெரியாதுங்களா? கேட்டாச் சூடுங்கறாரு. சூட்டுக்கு ஆளு இப்படியா உருகிப்போகும்? ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. யாருகிட்டப் போயி என்னன்னு கேக்கறது?"

மேடையிலும் நாங்கள் கட்டியிருந்த அதே ஆளுயரப் படத்தை டாக்டர் பார்த்தார். பிறகு அதன் கீழே நின்ற தலைவரைப் பார்த்தார். படத்தில் இருந்தவர் கீழே பாதிதான் இருந்தார்.

"ஐயா, நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க," என்றார் மெதுவாக.

"நீங்க காபி சாப்புட்டீங்களா டாக்டரம்மா?" என்றார் தலைவர். "நான் கூட்டிட்டு வாரேன் அம்மணி," என்றார் ரங்கம்மாள்.

கேமரா விட்டுப் பார்த்ததில் குடலில் கட்டி. புற்றுதான். அறுவை சிகிச்சை முடிந்து வெளியே வந்த டாக்டர், "வேற எங்கயும் பரவலைங்க. நல்லவேளை. இன்னும் ஆறு மாசம் இளநி குடிச்சிருந்தா என்கிட்ட வந்து பிரயோசனம் இருந்திருக்காது," என்றார். ரங்கம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் கண் கலங்கியது, உள்ளதைச் சொன்னால் என்ன? ஆனால் பொறுப்பில் இருப்பவன் என்பதால் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே நிர்வாகக் குழு கூடி ஒருமனதாகத் தீர்மானங்கள் நிறைவேற்றியது. தலைவர் 'சூடு தணிந்து' நலம் பெற்றதில் மகிழ்ச்சி. பொது இடத்தில் ஒலித்த ஒரு சொல்லுக்கு ஆழ்ந்த வருத்தம். இனிமேல் டாக்டர்களுக்கு மைக் தருவதற்கு முன் பேச்சை எழுதி வாங்க வேண்டும்.

எங்கள் புகழ் பரவியது. பவானியிலிருந்து அழைப்பு வந்தது. அங்கேயும் ஒரு முகாம், 'மீண்டு வந்தவர்' என்ற முறையில் தலைவர் சிறப்புரை. உரையை நான் எழுதிக் கொடுத்தேன். தலைவர் அதை அப்படியே படித்தார்: "வயிற்றில் ஏற்பட்ட ஒரு சிறு சூடு, நல்லோர் ஆசியால் தணிந்தது." அடக்கத்துக்கு இலக்கணம். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. டாக்டர் ஹர்ஷிணி ஓரத்து மேசையில் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். களைப்பாக இருக்கும்.

உரை முடிந்ததும் ஒருவர் மேடையேறி, தலைவருக்கு ஒரு பவானி ஜமக்காளத்தைப் போர்த்தினார். அப்துல் கையூம், ஊரில் ஜமக்காளக் கடை வைத்திருப்பவர். போர்த்திய கையோடு குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் ஏழெட்டு மாசமா அந்தச் சூடு இருக்குதுங்க. வெளிய சொல்லச் சங்கட்டமா இருந்துது. இப்ப நீங்க சொன்னதும்தான் தைரியம் வந்துது. உங்களுக்கு எதுலீங்க நின்னுது?"

தலைவர் என்னைப் பார்த்தார். கீழே முன்வரிசை முழுக்கப் பெண்கள். அவருக்கு எதற்குச் சிரமம் என்று நானே முந்திக்கொண்டேன்.

"எளநி குடிச்சாருங்க."

அப்துல் கையூமுக்கு முகம் மலர்ந்தது. "அப்பச் செரிங்க. நானும் அதேதான் குடிச்சுக்கிட்டிருக்கறன்," என்று கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். அவர் தோளில் சட்டை தொளதொளவென்று தொங்கியது. தலைவர் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜமக்காளத்தை உதறிப் போட்டுவிட்டு மைக்கை நோக்கி ஓடினார். ஆமாம், ஓடினார்.

"ஏனுங்க பாய்! நில்லுங்க! சூடில்லீங்க அது!"

"தலைவரே, லேடீஸ்..." என்று நான் இழுத்தேன்.

"இருந்துட்டுப் போறாங்க! அவிகளுக்குக் கொடல் இல்லீங்களா?" முதல் தடவையாகத் தலைவர் என்னிடம் சத்தம் போட்டார். பிறகு சபையைப் பார்த்தார். "எனக்குப் பீ போற கொடல்ல புத்து இருந்துச்சுங்க. அறுத்துத்தான் எடுத்தாங்க. எளநி குடிச்சுக் குடிச்சே சாகப் பாத்தனுங்க நானு. ரத்தம் போறதை ஒரு மனுசங்கிட்டச் சொன்னேன், அவரும் சூடுன்னாரு. எங்க ஊட்டம்மா அன்னிக்கு நாலு பேரு முன்னால கேக்காட்டி, இன்னிக்கு இங்க நான் வந்திருக்கமாட்டேன், என் போட்டோதான் மாலையோட வந்திருக்கும். பாய், வாங்க, டாக்டரம்மாகிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

சொன்னபடியே இறங்கிப்போய் அப்துல் கையூமின் கையைப் பிடித்து ஓரத்து மேசைக்கு அழைத்துப் போனார். அவருக்குப் பின்னால் ஒருவர் எழுந்தார், இன்னொருவர் எழுந்தார். முன்வரிசைப் பெண்கள்தான் முண்டியடித்தார்கள். ரங்கம்மாள் வரிசையை ஒழுங்குபண்ணிக்கொண்டே, "தள்ளாதீங்க கண்ணு, எல்லாத்துக்கும் டப்பா இருக்குது," என்று சிரித்தார். ஜமக்காளக்காரரை அடுத்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சரியான நேரத்துக்கு வந்துவிட்டார் என்று கேள்வி. பவானியில் திரும்பி வந்த டப்பாக்களில் நெய் இல்லை, சர்க்கரை இல்லை, ஒரு எள்ளுருண்டைகூட இல்லை. எல்லாவற்றிலும் டாக்டர் கேட்டதே இருந்தது. கொங்கு நாட்டு விருந்தோம்பல் ஒரே நாளில் சீரழிந்தது.

இனியும் சங்கம் கைகட்டி இருக்க முடியுமா? அவசரக் கூட்டம் போட்டோம். 'உடல்நிலை கருதி' நரசிம்மலு அவர்களுக்கு ஓய்வு அளிக்கப்பட்டது. அவரும் ரங்கம்மாளும் இப்போது டாக்டரோடு ஊர் ஊராகப் போய் அந்தச் சொல்லை மைக்கில் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சங்கத்தின் மானத்தைக் காக்கும் பொறுப்பு, நான் எவ்வளவோ மறுத்தும், என் தோளில் வந்து விழுந்தது. ஆம், புதிய தலைவன் அடியேன்தான்.

என் தலைமையில் யாருக்கும் எந்தச் சங்கடமும் நேராது. பவானியில் என் பங்குக்குத் தந்த டப்பாவைக்கூடத் துடைத்து, ஷீல்டுகளுக்கு நடுவே ஷோகேஸில் வைத்திருக்கிறேன். சும்மா திருப்பித் தருவது மரியாதை இல்லையே. அடுத்த மார்ச்சுக்கான ஃபிளெக்ஸும் தயார். அதே 'மறைக்காதீர்கள்!', மேலே என் படம். புதுப் படம் ஒன்று எடுத்துப் பார்த்தேன், சட்டைதான் தெரிந்தது. அதனால் பழையதையே போட்டுக்கொண்டேன். உடுமலைப்பேட்டை இளநீர் வண்டியும் இப்போது என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. வேறொன்றுமில்லை. கொஞ்சம் சூடு. பொழுதுக்கும் ஃபிளெக்ஸ் மெஷின் பக்கத்திலேயே நிற்கிறேன் அல்லவா?